உன் முதுமைக்கு நீயே முதலாளி

சிங்கப்பூரில் இ பாஸிலும் எஸ் பாஸிலும் உழைக்கும் தம்பி, தங்கையே! உன்னோடு வேலை பார்க்கும் சிங்கப்பூரருக்கு மாதம் பிறந்தால் மத்திய சேமநிதியில் பணம் ஏறுகிறது. சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளி தரும் பங்கு வேறு. உனக்கு அது கிடையாது. நிரந்தரவாசி ஆகாத வெளிநாட்டவருக்குச் சேமநிதி இல்லை என்பது சட்டம். "நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று பெருமூச்சு விடுகிறாயா? நீ இருக்கிறாய்! மொழி புரியாத நேர்காணலில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை வாங்கியது நீதான். உன் முதுமைக்கு ஒரு கணக்குத் திறக்கவா உனக்கு வராது?

அந்தக் கணக்கு 2001 முதல் இருக்கிறது. எஸ்ஆர்எஸ் என்பார்கள், ஓய்வுக்காலத்துக்கான துணைச் சேமிப்புத் திட்டம். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றில் ஏதாவது ஒரு வங்கியில் திறக்கலாம். சிங்கப்பூரர் ஆண்டுக்கு 15,300 வெள்ளி வரைதான் போட முடியும். உனக்கோ 35,700 வெள்ளி! சேமநிதி இல்லாதவர் என்பதால் இந்தப் பெரிய வரம்பு. டிசம்பர் 31க்குள் போட்ட தொகை அந்த ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் கழிந்துவிடும். அந்த வருமானம் 90,000 வெள்ளி என்று வை. 10,000 வெள்ளி போட்டால் 1,150 வெள்ளி வரி மிச்சம். யாரிடமும் கை கட்டி நிற்காமல் உனக்கு நீயே கொடுத்துக்கொள்ளும் போனஸ் அது.

போட்டுவிட்டுத் தூங்காதே. சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி வெறும் 0.05 விழுக்காடு. நிரந்தர வைப்பு, சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம், பங்குகள் என்று அதை வேலைக்கு அனுப்பு. நீ உழைக்கிறாய், உன் பணமும் உழைக்கட்டும்!

எடுப்பதற்கும் விதி உண்டு. முதல் தொகை போடும் நாளில் நடப்பிலிருக்கும் ஓய்வு வயதே உனக்கு நிலைக்கும். 2022 ஜூலை முதல் அது 63. 2026 ஜூலை முதல் 64. ஒரு வெள்ளி போட்டாலும் வயது நிலைத்துவிடும். அந்த வயதை எட்டியபின் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்து எடுக்கலாம்; எடுப்பதில் பாதிக்குத்தான் வரி. வெளிநாட்டவராகவே தொடர்ந்தால், முதல் தொகை போட்டுப் பத்து ஆண்டு கழித்து மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுக்கலாம். அபராதமில்லை, அப்போதும் பாதிக்கே வரி. இடையில் கை வைத்தால் முழுத் தொகைக்கும் வரி, மேலே 5 விழுக்காடு அபராதம். அதனால், ஊரிலிருந்து "வீட்டுக்கு மாடி எடுக்கணும்" என்று போன் வரும்போது இந்தப் பணத்தை மட்டும் மறந்துவிடு. தனக்கு மிஞ்சித்தான் தானம். குடும்பத்துக்குக் கொடு, மனமாரக் கொடு. உன் எழுபது வயதைத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குள் இருக்கும் அண்ணன்மாரே, உங்களுக்கு இங்கே வருமான வரியே இல்லை; ஆகவே இந்தக் கணக்கால் வரிப் பலனும் இல்லை. அதற்காகத் தளர வேண்டாம். இந்தியாவின் தேசிய ஓய்வூதியத் திட்டம் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் திறந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடரலாம். வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. சிறு தொகை என்று கூசாதீர்கள்.

அடுத்த சம்பளம் வந்ததும், ஊருக்கு அனுப்பும் முன், உன் பெயரில் ஒரு தொகையை ஒதுக்கு. டிசம்பர் 31 வரை காத்திருக்காதே. இந்த வாரமே கணக்கைத் திற!