ஆள்வினையும் ஆணவமும்

மக்களுட் சிலர் புகுந்த இடமெல்லாம் கிளர்ச்சி பிறக்கக் காண்கின்றோம். அவர் சொற்கேட்டார் எழுகின்றனர். அவர் தொட்ட வினை விரைகின்றது. இன்னோரை இயங்காற்றல் மிக்க ஆளுமையர் என உலகங் கொண்டாடும். அவ்வாற்றல் உயிரின் விளக்கமோ, ஆணவத்தின் எழுச்சியோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றாற்றலும் உயிர்க்கு இயல்பாயுள்ளன. அநாதியே பற்றிய ஆணவமலம் அவற்றை மறைத்து நிற்கும். மாயையிற் றோன்றிய கலை செயலாற்றலையும், வித்தை அறிவாற்றலையும், அராகம் இச்சையாற்றலையும் சிறிதே விளக்கும் என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஆகலின் ஊக்கமென்பது புறத்தேநின்று வந்தேறியதன்று. மறைப்பு விலகிய அளவிற் புலனாகும் உயிரின் தன்மையே யாம். இனி, அங்ஙனம் விளங்கிய ஆற்றலையே ஆணவம் பற்றிக்கொண்டு, 'யான் செய்தேன், எனதே இது' என்று எழுதலும் உண்டு. புறத்தே நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒருபடித்தாகவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியுமாறு எங்ஙனம்?

ஓசையால் ஆற்றலை அளத்தல் ஆகாது. சாரற்காலத்தே குற்றாலத்தருவி முழங்குதல் கேட்டு அனைவரும் வியப்பர். அம்முழக்கம் அடங்கிய பின்னரும், தென்காசியை அடுத்த அச்சன்புதூர் முதலிய ஊர்களிற் பயிரைக் காப்பது குளத்தே தங்கிய நீரேயன்றோ? அதுபோல, செயற்களம் பறிக்கப்பட்டவழி ஒருவன்பால் எஞ்சிநிற்பது யாதோ அதுவே அவனது மெய்யாற்றல் என்க.

இதற்குச் சான்றாவார் ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் (1872–1936). 1906ஆம் ஆண்டிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பலோட்டினார். 1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்க்குத் துணைநின்றார். அவ்வாண்டே சிறைப்பட்டு இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். அது பின்னர்க் குறைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். அவர் சிறையிலிருந்த காலத்தே கம்பெனியும் கலைந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் கண்ணனூர்ச் சிறையினின்று வெளிப்போந்தபொழுது, முன்னர் அவர் சொற்கேட்டு எழுந்த பெருங்கூட்டத்தைக் காணோம். வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது, வறுமை சூழ்ந்தது.

அவரது ஊக்கம் புகழாற் பிறந்ததாயின் இவ்விடத்தே மாய்ந்திருத்தல் வேண்டும். அற்றன்று. சிறையிருந்தே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரது நூலைத் தமிழ்ப்படுத்தினார். 'மெய்யறம்' முதலிய நூல்களை இயற்றினார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்தலில் உழைத்தார். முடிவில், 1935ஆம் ஆண்டு, சிவஞானபோதத்துக்குத் தாம் வரைந்த உரையை வெளியிட்டார். வழக்கறிஞர் உரிமை மீளத் துணைநின்ற ஆங்கில நீதிபதி வாலஸ் என்பார்க்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டமையும் கருதத்தக்கது. ஆங்கிலராட்சியோடு பொருது அனைத்தும் இழந்தவர், ஆங்கிலர் ஒருவர் செய்த நன்றியை மறந்திலர். தன்னையே நடுவாகக் கொண்ட ஊக்கத்துக்கு இது கூடுவதன்று. கடலை இழந்த கை ஏட்டைப் பற்றிற்று, இயக்கம் ஓய்ந்திலது.

அற்றேல், 'எல்லாம் இறைவன் இயக்க இயங்குவனவாயின், உயிர்க்கு ஆள்வினை என ஒன்று உண்டோ?' எனின், கூறுதும். ஞாயிற்றின் ஒளியின்றிக் கண் காணாது. எனினும் காண்பது கண்ணேயன்றி ஞாயிறன்று. கண்ணை மூடிக்கொண்டு ஞாயிற்றின்மேற் பழிபோடுவானை யாரும் அறிஞனென்னார். இறைபணி நிற்றலாவது கைகட்டி வாளாவிருத்தலன்று. செயலை விடாது, செயலிலுள்ள 'யான்' என்பதை விடுதலே யாம். இருவினையொப்பும் மடிமையன்று, ஆக்கத்தும் அழிவினும் நெஞ்சு கோடாமையே. துறவு பூண்டாரும் இல்லறத்தாரும் இவ்விடத்தே தம்மைத் தாமே ஆராய்தல் வேண்டும். வினைசெய்யும் ஆரவாரத்தில் மட்டுமேயன்றி, வினைசெய்யாமையின் செருக்கினும் ஆணவம் ஒளிந்திருத்தல் கூடும்.

தென்காசியிற் காசிவிசுவநாதர்க்குத் திருக்கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டிற் பெருவினை முடித்தவன். தன் பெயரை மட்டும் பொறித்து அவன் அமைந்திலன். பின்னாளில் அக்கோயிலைக் காப்பார் எவராயினும் அவரடி பணிவதாகவும் கல்லிற் பொறிப்பித்தான். பிறவாத ஒருவனை முன்கூட்டியே வணங்கிய அரசனது வினையில் 'எனது' என்பதற்கு இடம் யாண்டையது? பன்னெடுநாள் சிதைந்துகிடந்த அதன் இராசகோபுரம் 1990ஆம் ஆண்டில் மீளவும் ஒன்பது நிலையோடு எழுந்தது. அவனறியாத கைகள் அதனை எழுப்பின. அக்கைகட்கே அவன் வணக்கம் உரியதாயிற்று.

ஆதலின் இயங்காற்றலுடையார் யாரெனின், பிறரைத் தம்மைச் சுற்றிச் சுழலச் செய்வார் அல்லர். அறிவும் இச்சையும் செயலும் ஒருவழிப்பட, களம் மாறினும் பணி மாறாது, பயனைப் பிறர்பால் விட்டு நிற்பாரே என்க. அத்தகைய ஊக்கமே உயிர்க்கு அணி. ஏனையது மலத்தின் ஆரவாரம்.