பட்டமும் கூலியும்

ஆர்தர் க்ரூடப்பை 'ராக் அண்ட் ரோலின் தந்தை' என்கிறார்கள். தந்தைன்னு பட்டம் குடுக்கறதுல நம்ம ஊர்க்காரங்களும் சளைச்சவங்க இல்ல. பட்டம் கொடுத்தவர்கள் கூலியைக் கொடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

க்ரூடப் 1905இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கருப்பர். கூலி வேலை செய்து வளர்ந்தவர், முப்பதை ஒட்டிய வயதில்தான் கிட்டாரைத் தொட்டார். பிழைக்க சிகாகோ போய்த் தெருவில் பாடினார். ரயில் மேம்பாலத்துக்குக் கீழே மரப்பெட்டிதான் வீடு. லெஸ்டர் மெல்ரோஸ் என்ற வெள்ளைக்காரர் கூட்டிப்போய், 1941இல் இசைத்தட்டில் பாட வைத்தார். 1946இல் 'தட்ஸ் ஆல் ரைட்' பதிவானது. 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில் 19 வயது எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார். எல்விஸின் முதல் இசைத்தட்டு அதுதான்.

எல்விஸ் இதை மறைக்கவில்லை. 1956இல் பேட்டியிலேயே க்ரூடப்பின் பெயரைச் சொன்னார். அதனால் எல்விஸைத் 'திருடன்' என்று திட்டிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. பாட்டின் உரிமை ஒப்பந்தப்படி மெல்ரோஸ் பக்கம் இருந்தது. இசைத்தட்டு விற்க விற்க, காகிதம் யார் கையிலோ அவர்களுக்கே பணம் போனது. எல்லாம் சட்டப்படிதான். மரப்பெட்டியில படுத்திருக்கறவன்கிட்ட காகிதத்த நீட்டினா கையெழுத்துப் போடாம என்ன செய்வான்? அதைச் சம்மதம் என்று சொல்ல எந்தச் சட்டப் புத்தகத்துக்கும் கூச்சமில்லை.

க்ரூடப் வெறுத்துப்போய்ப் பாட்டை விட்டார். வர்ஜீனியாவில் தோட்டக் கூலியானார். அறுபதுகளின் கடைசியில் வெள்ளைக்கார இளைஞர்கள் தேடி வந்தார்கள். மறுபடி மேடை, கைதட்டல். மரியாதைக்குக் குறைவில்லை. டிக் வாட்டர்மன் என்ற முகவர் ராயல்டிக்காகப் போராடி, 60,000 டாலர் என்று பேசி முடித்தார். க்ரூடப் பிள்ளைகளோடு நியூயார்க் போய்க் கையெழுத்திட்டார். கடைசி நிமிஷத்தில் பதிப்பு நிறுவனம் தர முடியாது என்றது.

'எல்விஸ் இல்லாட்டி இவர யாருக்குத் தெரியும்?' என்று தோழர்களே கேட்கிறார்கள். தெரிந்துகொண்டது நாம். அதில் அவருக்கு வரவேண்டிய பாக்கி எப்படித் தீரும்? எல்விஸ் பெயர் சொன்னது நல்ல காரியம். நன்றி வேறு, கூலி வேறு. நன்றியைக் கொடுப்பவன் தன் இஷ்டப்படி கொடுப்பான். கூலியைக் கேட்டு வாங்க உழைத்தவனுக்கு உரிமை உண்டு.

குடும்பத்துக்குப் பணம் வந்தது, க்ரூடப் இறந்த பிறகு. 1974 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு 68 வயது.