அழகின் அளவுகோலும் பார்வையின் அறமும்

அழகு என்பது யாது என்னும் வினா மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அது காணப்படும் பொருளில் உறைகின்றதா, காண்போன் உள்ளத்தில் தோன்றுகின்றதா என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளனர். 1757இல் சுவையின் அளவுகோல் பற்றிக் கட்டுரை வரைந்த டேவிட் ஹியூம், பயிற்சியும் நடுநிலையும் வாய்ந்த சுவைஞரின் ஒருமித்த தீர்ப்பினையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்றார். 1790இல் வெளிவந்த தமது மூன்றாவது திறனாய்வு நூலில் இமானுவேல் கான்ற், அழகை நுகர்தல் தன்னலப் பற்று நீங்கிய இன்பம் என விளக்கினார். ஒன்றை உடைமையாக்கவோ பயன்படுத்தவோ விரும்பி நாம் அதனை அழகியது என்பதில்லை என்பது அவர் கருத்து. இருவரும் பெரும்பாலும் காண்போனைப் பற்றியே பேசினர். மலரும் மலையும் தாம் காணப்படுவதை அறியமாட்டா. ஆதலின் அவற்றின்பால் நாம் செலுத்தும் பார்வை எவரையும் புண்படுத்துவதில்லை. மனிதரோ தாம் காணப்படுவதை அறிவர். தம்மைக் கண்டவர் என்ன எண்ணினார் என்பதையும் அறிய விழைவர். எனவே அளவுகோல் ஒரு மனித முகத்தின் மீது வைக்கப்படும்போது, சுவை பற்றிய வினா அறம் பற்றிய வினாவாகவும் மாறிவிடுகின்றது. சமூக ஊடகங்கள் அழகின் அளவுகோலை வகுத்துவரும் இந்நாளில், அவ்வறவினாவைக் களுவாஞ்சிக்குடி போன்றதோர் ஊரை மனத்திற் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்கள் என்றும் ஒரு தன்மையன அல்ல என்பதற்குத் தமிழ் இலக்கியமே சான்று பகரும். சங்க அகப்பாடல்களிலே தலைவியின் நிறம் மாமை எனப்பட்டது. உரையாசிரியர் இதனை மாந்தளிரின் நிறம் என விளக்குவர். தலைவனைப் பிரிந்த துயரால் அந்நிறம் கெட்டு வெளிறுதல் பசலை எனப்பட்டது. திருக்குறளிலே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே இதற்கென அமைந்துள்ளது. அதாவது, மேனி வெளிறுதலை அழகின் இழப்பாக, நோயாகக் கருதிய மரபு ஒன்று நம்மிடையே இருந்தது. இன்று அதே வெளிறலை விலை கொடுத்துப் பெறுவதற்கு அம்மரபின் வழிவந்தோர் முயல்கின்றனர். இதனாற் பழமை முற்றிலும் குற்றமற்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. கேசாதிபாதமெனவும் பாதாதிகேசமெனவும் பெண்ணுடலை உறுப்புறுப்பாகப் பிரித்து வருணித்த புலவர்களும் நம்மவரே. ஆயினும் ஒன்று தெளிவாகின்றது: இயற்கை விதித்ததாக நாம் மயங்கும் அழகின் இலக்கணம் காலத்தாலும் சமூகத்தாலும் ஆக்கப்படுவது. ஆக்கப்படுவது எதுவோ, அதனை ஆக்குவோர் யாவர், அதனாற் பயன்பெறுவோர் யாவர் எனக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியுமாக நீண்டுகிடக்கும் எழுவான்கரை நிலத்தில் அமைந்தது களுவாஞ்சிக்குடி. மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகப் பிரிவின் தலைமையிடமும் அதுவே. இப்பகுதித் தமிழரிடையே தாய்வழிக் குடிமரபு நிலவி வந்தமையும், வீடு மகளுக்கே சீதனமாக உரியதாகி மணமகன் மணமகள் வீட்டிற்கு வந்து வாழ்தல் வழக்காயிருந்தமையும் ஆய்வாளர் பலரால் எடுத்துக்காட்டப்பட்டவை. இங்கும் மணப்பேச்சில் நிறம் பேசப்படாமல் இருந்ததில்லை. எனினும் குடி, வீடு, வயல், குணம், உறவு முதலிய பலவற்றுள் ஒன்றாகவே அது பேசப்பட்டது. ஒரு பெண்ணை நோக்கிய கண்கள் அவளைச் சிறு வயது முதல் அறிந்த கண்கள். அவள் வீட்டு நன்மை தீமைகளிற் கலந்துகொள்ளக் கடமைப்பட்ட கண்கள். அப்பார்வையிற் கொடுமையும் இருந்திருக்கலாம், பொறுப்பும் இருந்தது. இக்கரையோரத்து மக்கள் தம் தெய்வமாகக் கொண்ட கண்ணகை அம்மனும் நீதி கேட்டு அரசவை ஏறியவள் என்பதனாலேயே வணங்கப்படுகின்றாள். மட்டக்களப்பின் பல கண்ணகை அம்மன் கோயில்கள் வைகாசித் திங்களிற் கதவு திறக்கப்பட்டு, குளிர்த்தியுடன் மீண்டும் அடைக்கப்படுவன. காண்பதற்கு ஒரு காலமும் காணாதிருப்பதற்கு ஒரு காலமும் உண்டு என்னும் உணர்வு அவ்வழக்கில் பொதிந்துள்ளது எனலாம்.

உருவங்களைப் பொதுவிடத்திற் கண்டு கருத்துரைத்தல் இன்று தோன்றிய செயலன்று என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீகிரியா ஓவியங்களிலே பொன்னிற மகளிரும் கருநிற மகளிரும் தீட்டப்பட்டுள்ளனர். அவர்களைக் காணச் சென்றோர் அங்குள்ள கண்ணாடிச் சுவரிலே தம் கருத்துக்களைச் செய்யுளாகப் பொறித்துச் சென்றனர். எட்டாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தாம் நூற்றாண்டு வரையிலான அத்தகைய 685 செய்யுட்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் வெளியிட்டார். அம்மகளிர் மறுமொழி கூறாது நிற்பதை எண்ணி வருந்தும் செய்யுட்களும் அவற்றுள் உள்ளன. பாறையிலுள்ள அப்பெண்கள் சுவரை வாசிப்பதில்லை. எழுதப்பட்டவை அவர்களின் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. இன்று கைத்தொலைபேசியில் தன் படத்தைப் பதிவிடும் பெண்ணின் நிலை வேறு. அவளே ஓவியம், அவளே ஓவியர், சுவரில் எழுதப்படுவதை இரவெல்லாம் வாசிப்பவளும் அவளே. ஐரோப்பிய ஓவிய மரபை ஆராய்ந்த ஜோன் பேர்ஜர், பிறர் தன்னைக் காணும் காட்சியைத் தன்னுள்ளேயே சுமந்து திரியும் நிலைக்குப் பெண் ஆளாக்கப்படுகின்றாள் என 1972இல் எடுத்துக்காட்டினார். சமூக ஊடகம் அந்நிலையை நாளாந்தப் பழக்கமாக்கியதோடு, அதற்கு எண்களாலான ஒரு பெறுமதியையும் வழங்கியுள்ளது. எத்தனை பேர் விரும்பினர், எத்தனை பேர் பார்த்துவிட்டு வாளாவிருந்தனர் என்பன கணக்காக அவள் முன் நிற்கின்றன.

அக்கணக்கு நேர்மையானதுமன்று. 2010இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராமும் அதன் பின்வந்த டிக்டொக்கும், பார்ப்போரை நெடுநேரம் நிறுத்திவைக்கும் படங்களையே முன்னே தள்ளும் கணிப்பொறி முறைகளால் இயங்குகின்றன. 'பில்டர்' எனப்படும் மென்பொருள் முகத்தை மெலிவித்து, மூக்கைக் கூர்மையாக்கி, தோலை வெளிறச் செய்கின்றது. 2023இல் டிக்டொக்கில் வெளிவந்த 'போல்ட் கிளாமர்' என்ற பில்டர், முகம் அசையும்போதுகூடத் தன் செயலைக் காட்டிக்கொடுக்காத அளவுக்கு நுட்பமானதாக இருந்தமையாற் பெரும் விவாதத்திற்குள்ளாகியது. நம் கூத்தரங்கோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வடமோடியாயினும் தென்மோடியாயினும், களரியிலே பெண் வேடம் புனைந்த ஆடவர் ஒப்பனையும் உடுப்பும் தரித்து விடியும்வரை ஆடினர். அது ஒப்பனை என்பதை ஆடியவரும் அறிவர், அவையோரும் அறிவர். விடிந்ததும் ஒப்பனை கலைக்கப்பட்டு, அவர் தம் முகத்துடன் வயலுக்கோ வாவிக்கோ சென்றார். பில்டரின் ஒப்பனை தன்னை ஒப்பனை என அறிவிப்பதில்லை. ஆகவே காண்பவள் ஒரு புனைவை உண்மை எனக் கொண்டு, அதனோடு தன் கண்ணாடியிலுள்ள முகத்தை ஒப்பிடுகின்றாள். நாளடைவில் தன் புனைமுகத்தோடேயே தன் மெய்முகத்தை ஒப்பிட்டு நாணும் நிலையும் ஏற்படுகின்றது.

படங்கள் உடலைப் பற்றிய எண்ணத்தை மாற்றும் ஆற்றலுடையனவா என ஐயுறுவோர் பீஜித் தீவின் அனுபவத்தை நோக்கலாம். உடற்பருமனை நல்வாழ்வின் அடையாளமாக மதித்த அச்சமூகத்தின் நட்ரோகா மாகாணத்திற்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மானிடவியலாளரும் மருத்துவருமான ஆன் பெக்கர் அவ்வாண்டிலும் 1998இலும் பாடசாலை மாணவியரை ஆராய்ந்தார். உணவுப்பழக்கக் கோளாற்றுக்கான அபாய அளவைத் தாண்டியோர் 12.7 வீதத்திலிருந்து 29.2 வீதமாயினர். மெலிவதற்காகத் தாமே வாந்தியெடுக்கும் பழக்கம் முன்னர் எவரிடமும் காணப்படவில்லை. மூன்றாண்டுகளின் பின் அது 11.3 வீதமானது. ஆராயப்பட்டோர் தொகை சிறிது என்பது உண்மையே. ஆயினும், தொலைவிலிருந்து வந்த படங்கள் ஓர் ஊரின் பழைய அளவுகோலை எத்துணை விரைவிற் பெயர்த்துவிடலாம் என்பதை அது உணர்த்துகின்றது. 2021இலே பேஸ்புக் நிறுவனத்தின் உள்ளக ஆய்வுகள் சில வெளியே கசிந்தன. தம் உடல் பற்றி மனக்குறையுற்ற பதின்வயதுப் பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இன்ஸ்டாகிராம் அக்குறையை மேலும் வளர்ப்பதாகக் கூறியமை அவற்றால் தெரியவந்தது. அம்முடிவுகள் பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டன என்றும், வேறு பல துன்பங்களில் அத்தளம் உதவியதாகக் கூறியோர் பலர் என்றும் நிறுவனம் வாதிட்டது. பாதிப்பு எல்லோர்க்கும் ஒரு தன்மையதன்று என்பதை ஏற்கலாம். எனினும் ஏற்கெனவே காயமுற்றோரையே அது மிகுதியும் காயப்படுத்துகின்றது என்பது அறநோக்கிற் பாரதூரமானது.

இதன் பின்னால் வணிகமும் உண்டு. இந்தியாவில் 1975இல் 'பெயார் அன்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு சந்தைக்கு வந்தது. உலகளாவிய நிறவாத எதிர்ப்பின் நடுவே 2020இல் அதன் பெயரிலிருந்த 'பெயார்' என்ற சொல் நீக்கப்பட்டு 'குளோ அன்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறியதாற் சந்தையின் இயல்பு மாறிவிடவில்லை. எட்டப்பட்டுவிட்ட அழகு எதனையும் விற்க உதவாது. எட்டப்படாத அழகே நாடோறும் விற்க உதவும். வெண்மையாக்கும் பூச்சுக்கள் சிலவற்றிலே பாதரசம் கலக்கப்படுகின்றது. அது தோலின் மெலனின் நிறமி உருவாவதைத் தடுக்கின்றது. கூடவே சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்க வல்லது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா சமவாயம் இத்தகைய அழகுசாதனப் பொருள்களை விலக்கியுள்ளது. இருந்தும் உள்ளடக்கம் குறிக்கப்படாத பூச்சுக்கள் சமூக ஊடக விளம்பரங்களின் வழியே உலகின் பல பாகங்களிலும் விற்கப்படுகின்றன. ஓர் அளவுகோல் மனத்தை மட்டுமன்றி உடலையும் அரிப்பதற்கு இது கண்கூடான எடுத்துக்காட்டாகும்.

நம் பிரதேசத்திலே இவ்வளவுகோல் தனித்துச் செயற்படுவதில்லை. நம் பழைய வழக்கங்களோடு கைகோத்துச் செயற்படுகின்றது. பூப்புனித நீராட்டு விழாவின் படத்தொகுப்பிலே பதின்மூன்று வயதுச் சிறுமியின் நிறம் கணினியில் வெளிறாக்கப்படுகின்றது. அவள் தன் உடல் பற்றிப் பெறும் முதலாவது பொதுத்தீர்ப்பு அது: உன் நிறம் திருத்தப்பட வேண்டியது. பின்னர் மணப்பேச்சுக் காலத்தில் அவள் படம் வட்ஸ்அப் வழியே சுவிற்சர்லாந்துக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் செல்கின்றது. அவள் குரலையும் நடையையும் கல்வியையும் அறியாதோர் சில கணங்களில் வேண்டாம் என்கின்றனர். ஊரின் பழைய பார்வையிலிருந்த கொடுமை அப்படியே எஞ்சியுள்ளது; அதிலிருந்த பொறுப்போ மறைந்துவிட்டது. ஆடவரும் இதற்கு விலக்கல்லர். உயரம், தசைத்திரட்சி, தலைமுடி என்பவற்றால் அளக்கப்படும் இளைஞர் தம் வருத்தத்தை வெளியிடவும் நாணுகின்றனர்.

இதற்கு எதிராக இரு வாதங்கள் எழலாம். அழகுபடுத்திக்கொள்ளுதல் தனிமனித உரிமை. அதில் அறம் பேசுதல் பெண்களை மீண்டும் கட்டுப்படுத்தும் முயற்சி என்பது ஒன்று. இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பெண்ணின் உடை பற்றியும் ஒப்பனை பற்றியும் கட்டளையிட்டோர் பலர் அறத்தின் பெயராலேயே அதனைச் செய்தனர். எனவே நம் விசாரணை தன்னை அலங்கரிப்பவளை நோக்கியதாக இருத்தல் தகாது. அவளை அளப்பவரை நோக்கியதாக இருத்தல் வேண்டும். அதே ஊடகங்கள் ஒதுக்கப்பட்டோர்க்கும் இடமளித்துள்ளன என்பது மற்றொன்று. இதுவும் உண்மையே. 2009இற் சென்னையைச் சேர்ந்த 'விமன் ஒவ் வேர்த்' என்ற அமைப்புக் கருமையும் அழகே எனும் கருத்தை முன்வைத்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதனோடு இணைந்தபின் அது வலைத்தளங்களில் வெகுவாகப் பரவியது. எனினும் கருமையும் அழகே எனும்போது, அழகே மனிதப் பெறுமதியின் சான்று என்னும் எடுகோள் அசையாது நிற்கின்றது. அழகெனக் கொள்ளப்படுவோரின் வட்டத்தை விரித்தல் நன்று. அவ்வட்டத்திற்கு வெளியே நிற்பவரும் குறைவுபடாத மதிப்புக்கு உரியவர் என ஏற்பது அதனினும் நன்று.

அரசுகள் சில சட்டத்தால் இதனை அணுகியுள்ளன. உடலோ முகமோ திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அதனைக் குறிப்பிடல் வேண்டும் என்னும் விதி நோர்வேயில் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தோர் முக்கிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதை அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் தடுத்துள்ளது. இவை பயனுடையன ஆகலாம். ஆனால் களுவாஞ்சிக்குடிச் சிறுமியின் படத்தின் கீழ் இழிசொல் எழுதுபவன் தொலைதூர நிறுவனத்தவன் அல்லன். பெரும்பாலும் அவளை அறிந்த ஒருவன். அவளது தன்னம்பிக்கையை வளர்த்தாற் போதும் என்று அறிவுரை கூறுவோர், தாக்குபவனை விடுத்துத் தாக்கப்பட்டவளிடமே மருந்தையும் தேடச் சொல்கின்றனர்.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்பது 1785இல் கான்ற் வகுத்த அறநெறி. அது செயலுக்கு மட்டுமன்றிப் பார்வைக்கும் பொருந்தும். ஒருவரை நோக்கும்போது அவரும் நம்மை நோக்கும் ஓர் உள்ளம் உடையவர் என்பதை மறவாதிருத்தலே பார்வையின் அறம். பல்கலைக்கழகத்தில் உள்ள நாம் இதனை ஏட்டளவில் நிறுத்தலாகாது. சக மாணவியின் படத்தைக் குழுக்களிற் பகிர்ந்து மதிப்பெண் இடுவதைக் கண்டும் வாளாவிருத்தல், நம் இல்லத்து மணப்பேச்சில் நிறம் கேட்கப்படும்போது கல்வியறிவு பெற்ற நாமும் மௌனம் சாதித்தல், தங்கையின் படத்தை வெளிறாக்கச் சொல்லி ஸ்டூடியோவிற் பணம் செலுத்துதல் ஆகிய யாவும் அளவுகோலை நம் கையால் நாமே பிடிக்கும் செயல்களாகும். அதனைக் கீழே வைப்பதற்கு எச்சட்டமும் நமக்குத் தேவையில்லை. சமூக ஊடகம் நமக்கு எண்ணற்ற முகங்களைக் காட்டுகின்றது; அவற்றை எவ்வாறு காண்பது என்ற தீர்மானம் இன்னமும் நம்மிடமே உள்ளது.