புறத்தே வைரம்

பனங்கட்டையில் பேனை கடைய நினைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது கட்டையின் எந்தப் பக்கத்தில் கை வைப்பது என்பதுதான். முதிரை, பாலை, புளி, பூவரசு எல்லாவற்றிலும் வைரம் நடுவில் இருக்கிறது. வெளிச்சுற்று வெளிறிக் கிடக்கும். பனையிலும் தென்னையிலும் இது தலைகீழ். புறத்தை ஒட்டிய சில அங்குலம் இரும்பு. உள்ளே போகப் போக மெத்தென்று நாராக உதிரும். தொல்காப்பிய மரபியல் இதை வைத்தே புல்லையும் மரத்தையும் பிரித்தது: புறத்தில் வைரம் உள்ளவை புல், அகத்தில் உள்ளவை மரம். பனையும் தென்னையும் புல்லோடு சேர்ந்த கூட்டம்தான் என்று இன்றைய தாவரவியலும் சொல்கிறது. அவற்றில் ஆண்டு வளையம் கிடையாது. நீரும் சத்தும் ஓடுகிற நார்க்கட்டுகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பில் நெருக்கமாக, நடுவில் ஐதாக. கடைந்து முடித்த பேனையில் கருங்கோடுகளாக ஓடுவது அந்தக் கட்டுகள்தான்.

ஆகவே எனக்கு வேண்டியது விளிம்பு. அதிலும் அடிமரத்தின் விளிம்பு.

*

வேலை சிறியது. முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள ஒரு துண்டு போதும். அதை இரண்டாக அறுத்து, இரண்டிலும் 7 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் குழலைப் பசை தடவிச் செருக வேண்டும். பசை இறுகியதும் துண்டுகளின் முனைகளைக் குழலுக்குச் செங்குத்தாகச் சீவி, நீண்ட கம்பியொன்றில் கோத்து, கடைசல் மெஷினில் ஏற்றினால் சதுரம் உருளையாகத் தொடங்கும்.

மெலிந்த திருகு பேனையில், நுனியை நெருங்கும்போது குழலின் மேல் மிஞ்சுகிற மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு கட்டையில் தொடங்கி ஒரு தோலில் முடிகிற வேலை. இரு பக்கமும் கோத்திருக்கும் இரும்பு வளையங்கள் எந்த அளவோடு நிறுத்துவது என்று காட்டும். ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை வழிகாட்டுவது சத்தம்தான். கூரான உளி சீறும். மழுங்கிய உளி படபடக்கும். பனையில் அந்தப் படபடப்பைக் கேட்டும் கேளாமல் இருந்தால், கருநார் ஒன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்த இடத்தில் பள்ளம். நார் கல்லாகவும் நாருக்கு இடையில் உள்ள சதை பஞ்சாகவும் இருப்பதால் வருகிற கரைச்சல் இது. கடைகிற இடையில் மெல்லிய சுப்பர் குளூவைச் சில துளி ஊற்றி ஊறவிட்டால் சதையும் இறுகும்.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்கும்போது வேறு எதையும் நினைக்க முடிவதில்லை. அதற்குத் தியானம் என்று பெயர் வைக்கக் கூச்சமாக இருக்கிறது. விரல் போய்விடும் என்ற பயமும் அந்த ஒருமையில் பாதி.

*

நான் கடைகிற கற்பிட்டிப் பக்கம் வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்று ஐப்பசி வரை ஓயாது. வெளிநாட்டார் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருவது இந்தக் காற்றுக்காக. மாம்புரியில் காற்றாலைகள் நிற்பதும் இதற்காக. எனக்கு இந்தக் காற்று என்றால் துரு. உளியை வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் விடியும்போது அதன் மேல் செம்படலம் இருக்கும்.

*

1344இல் பயணி இபின் பதூதா இந்தக் கரையில் வந்து இறங்கிய பத்தாலா என்ற ஊர் புத்தளம்தான் என்று கொள்கிறார்கள். அரசர் ஆரியச்சக்கரவர்த்தி அங்கே இருந்தார். கரையெங்கும் கறுவா மரங்கள் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததாகவும், வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு வந்ததாகவும், கடலின் மறுகரையிலிருந்து வருபவர்கள் விலை கொடுக்காமல் ஏற்றிச் சென்றதாகவும், பதிலுக்கு அரசருக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்ததாகவும் அவர் சொல்கிறார். இந்தக் காய்ந்த கரையில் கறுவா வளராது. மலைப்பக்கத்து மழையோடு ஆறுகள் கொண்டுவந்திருக்க வேண்டும். மீ ஓயாவும் தெதுரு ஓயாவும் இன்றும் அந்தத் திசையிலிருந்துதான் வந்து விழுகின்றன.

அந்தப் பயண நூலில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. எழுதியது அவரல்ல. ஊர் திரும்பிய பிறகு அவர் சொல்லச் சொல்ல, இபின் ஜுஸை என்பவர் எழுதி 1355இல் முடித்தார். புத்தளத்துக் கரையில் ஒதுங்கிய மரங்களைக் காணாத ஒருவரின் நாணல் பேனையால்தான் அவை நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

*

என் கட்டைகளும் ஒதுங்கியவைதான். மரக்காலையில் கழிக்கும் துண்டு, ஓடாவிமார் மிச்சம் விடும் கதவு நிலை, விழுந்த தென்னை, வேலியில் பட்டுப்போன பூவரசு. பூவரசு கடையச் சுகமான மரம். வைரம் சொக்கலேட் நிறம், புதிதாக வெட்டினால் ரோசாவின் மெல்லிய வாசம். புளியின் வைரம் கருஞ்சிவப்பு. சிறிய அளவுதான் கிடைக்கும், அதுவே பேனைக்குப் போதும். பாலை தண்ணீரில் போட்டால் தாழ்ந்துபோகும் மரம். 1926இல் புத்தளம் வரை ரயில் வந்தது. அந்தக் காலத்தில் இலங்கையில் சிலிப்பர் கட்டைக்குப் பாலையும் போட்டார்கள். வில்பத்துவில் பாலை பழுக்கும் காலத்தில் கரடிகள் மரமேறிக் கிடக்கும். அந்தப் பாலையை அவற்றுக்கே விட்டுவிடலாம். இடித்த பழைய வீட்டு உத்தரத்தில் கிடைக்கும் பாலை எனக்குக் காணும்.

தொடக்கூடாதவையும் உண்டு. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது என்று 1951இன் சட்டம் சொல்கிறது. கருங்காலிக்குத் தடை இருக்கிறது. யாராவது மலிவாக நீட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் தெளிவில்லாவிட்டால் வாங்கவேண்டாம். களப்புக் கரைக் கண்டலை நான் தொடுவதேயில்லை. இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் மாவட்டம் அதை எவ்வளவோ அழித்துவிட்டது. எஞ்சிய கண்டலைக் காக்கும் வேலை 2015இல் நாடளாவித் தொடங்கியபோது, அதில் முன்னின்ற அமைப்பான சுதீச சிலாபத்தைச் சேர்ந்ததுதான். பாம்பலையில் கண்டலுக்கென்றே ஒரு காட்சிசாலையும் இருக்கிறது.

முதிரைக்கு வேறு சங்கடம். பட்டுப்போல் மின்னுகிற பொன் மரம், ஆனால் அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும். எந்த மரமானாலும் தூள் தூள்தான். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியது. முகக்கவசம் இல்லாமல் பேனை கடைபவர்களின் அழகான படங்களைப் பார்க்கும்போது எனக்கு ரசிக்கத் தோன்றுவதில்லை.

*

2022 மார்ச் 31. நாடு முழுக்க 13 மணிநேர மின்வெட்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் எங்கள் கடைசல் மெஷின் அசையாமல் நின்றது. அப்போதுதான் பழைய வழியைப் பற்றி யோசித்தேன். வில்லும் கயிறும் போதும். முன்னும் பின்னும் இழுத்தால் கட்டை இரு திசையிலும் சுழலும். முன்வரும் சுற்றில் மட்டும் உளி வெட்டும். மூச்சு விடுவதைப் போலப் பாதி நேரம் வேலை, பாதி நேரம் ஓய்வு.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அரக்குக் கடைசல் வேலைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். சுழலும் மரத்தின் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அது உருகிப் படியும். அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைபவர்களும் அரக்கு ஏற்றுவது இப்படித்தான். இப்போது பேனைக்காரர்கள் போத்தலில் வாங்கும் உராய்வு மெருகும், மதுசாரத்தில் கரைத்த அதே அரக்குத்தான். பனைக்கு நான் பூசுவது அதை. சுப்பர் குளூப் பூச்சு இன்னும் நாளைக்கு இருக்கும். ஆனால் கையில் படுவது மரமாக இருக்காது, பிளாஸ்டிக்காக இருக்கும்.

*

ஒரு கணக்கைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். மரப்பேனை என்று நாங்கள் கொடுப்பதில் எழுதுகிற பாகம் மரம் அல்ல. திருகு, நுனி, கிளிப் எல்லாம் பெரும்பாலும் தாய்வானிலோ சீனாவிலோ செய்து பொட்டலமாக வருபவை. நான் போடுவது மேற்சட்டை. ராஜமந்திரியில் ரத்னம் பேனைக்காரர்கள் 1930களிலேயே எபனைட் கட்டையில் உடலையும் மூடியையும் புரியோடு கையால் கடைந்தார்கள். அந்தப் பேனை கிடைத்ததும் 1935இல் காந்தி பாராட்டி எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனைகள் இன்றும் அந்த வழியில் வருகின்றன. எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். மை பட்டால் ஊறாது. மரம் ஊறும், காயும், அதில் வெட்டிய புரி நாளாக நாளாகத் தளரும். அதனால் மரத்துக்கு உள்ளே உலோகக் குழல் தேவைதான். இருந்தாலும் முழுக்க முழுக்கக் கைவேலை என்று சொல்லி விற்பது பொய்.

பனைக்கு மட்டும் ஒரு சலுகை கொடுக்கலாம். சிங்கள ஏடுகள் தாளிப்பனை ஓலையில் இருக்கின்றன, நம்முடையவை பெரும்பாலும் பனையோலையில். எழுத்தாணியால் கீறி, எண்ணெயில் குழைத்த கரியைத் தேய்த்தால் எழுத்து தெரியும். பல நூற்றாண்டுகள் பனை தாளாக இருந்தது. எழுதுகோல் இரும்பாக இருந்தது. இப்போது தாள் எங்கிருந்தோ வருகிறது, பனை கோலாகியிருக்கிறது. பிடித்து எழுதினால் நார்க்கோடுகள் விரலில் இலேசாகத் தட்டுப்படும். எனக்கு வழுவழுப்பான பேனைகளைவிட இது பிடிக்கிறது.

*

உங்கள் வளவில் பனையோ தென்னையோ காற்றில் விழுந்தால், முழுவதையும் ஓட்டுச் சூளைக்கோ விறகுக்கோ கொடுத்துவிடாதீர்கள். அடியிலிருந்து ஒரு முழம் அறுத்து, இரு முனையிலும் மெழுகுதிரியை உருக்கிப் பூசி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். முனை மூடாவிட்டால் வெடிக்கும், வெயிலில் வைத்தாலும் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு நடுவை அடுப்புக்குக் கொடுங்கள். விளிம்பைக் கடைபவர் யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடுங்கள்.