தொண்ணூற்றாறு வயதில் அரிச்சுவடி

2018 ஆகஸ்டில் ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த ஒரு பாட்டி எழுத்தறிவுத் தேர்வை முடித்துவிட்டு அலுத்துக்கொண்டார். கேள்விகள் இத்தனை சுலபம் என்று தெரியாமல் வீணாக நிறையப் படித்துவிட்டாராம். கார்த்தியாயினி அம்மாவுக்கு அப்போது வயது 96.

பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர் அவர். கோயில்களில் கூட்டிப் பெருக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். மகள் அறுபது வயதை ஒட்டிப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியதைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வந்தது. கொள்ளுப்பேத்திகள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கேரள எழுத்தறிவு இயக்கம் நடத்திய ‘அக்ஷரலக்ஷம்’ தேர்வை 40,000-க்கும் மேற்பட்டோர் எழுதினர். 100-க்கு 98 வாங்கி மாநிலத்தில் முதலிடம் பிடித்தவர் இவர்தான். தான் யாரையும் பார்த்து எழுதவில்லை, மற்றவர்கள்தான் தன்னைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

இப்படியொரு செய்தி வந்தால் நாம் கைதட்டுவோம். கூடவே மனதுக்குள் ஒரு கேள்வியும் எழும்: இந்த வயதில் எதற்கு?

கேள்வியில் குறும்பு இல்லை, ஒரு கணக்குதான் இருக்கிறது. கல்வியை நாம் விதைநெல்லாகப் பார்க்கிறோம். இன்று போட்டால் பிறகு அறுக்கலாம். சடங்குகளும் அந்தப் பருவத்தைத்தான் குறித்து வைத்திருக்கின்றன. விஜயதசமி அன்று கோட்டயம் அருகே பனச்சிக்காடு சரஸ்வதி கோயிலில் குழந்தைகளை மடியில் உட்கார்த்தி, விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள். பிரம்மச்சரியத்தில் கற்பது, கிருகஸ்தனாக உழைப்பது, கடைசியில் எல்லாவற்றையும் விடுவது என்று ஆசிரம முறையும் வரிசை போட்டது. பெண்களில் பெரும்பாலோருக்கு அதன் முதல் படியே கிடைக்கவில்லை.

கொல்லம் மாவட்டம் பிராக்குளத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மாவுக்கு அந்தப் படி பாதியில் பறிபோனது. தாய் இறந்துபோக, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வயதில் படிப்பை நிறுத்தினார். பிறகு கணவரும் இறந்தார். ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். 2019-இல், 105 வயதில், நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதினார். கை ஓடாததால் எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. 275-க்கு 205 மதிப்பெண்; கணக்கில் முழு மதிப்பெண். இருவருக்கும் பெண்களுக்கான மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நாரி சக்தி விருது கிடைத்தது. பாகீரதி அம்மா 2021-இலும் கார்த்தியாயினி அம்மா 2023-இலும் காலமானார்கள்.

வயதானவர் கற்றதைச் சாவு கொண்டுபோய்விடும், அதனால் அது வீண் என்பதுதான் ‘இந்த வயதில் எதற்கு?’ என்ற கேள்விக்குள் இருக்கும் வாதம். அப்படியானால் இருபது வயதில் கற்றதையும் அதே சாவுதான் கொண்டுபோகப் போகிறது. தவணைதான் வேறு. வாதம் செல்லுபடியானால் எல்லோர் படிப்பும் வீண். செல்லாதென்றால் பாட்டியின் படிப்பும் வீணில்லை. நடுவில் ஒரு வயதைக் கோடாகக் கிழிக்க வழியில்லை.

மறுபிறவியை ஒப்புக்கொள்ளும் மரபுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒரு பிறப்பில் கற்ற கல்வி எழுபிறப்புக்கும் துணை வரும் என்கிறார் வள்ளுவர். அதற்கு முந்தைய குறளிலேயே, சாகும்வரை ஒருவன் கல்லாமல் இருப்பது ஏன் என்றும் கேட்கிறார். முதல் பதிலை ஏற்க மறுபிறவியில் நம்பிக்கை வேண்டும். இரண்டாவது கேள்விக்கு அது தேவையில்லை. கற்பதால் என்ன பலன் என்று கேட்பவரை, கல்லாமல் இருப்பதற்கு நீ காரணம் சொல் என்று அது மடக்குகிறது.

பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தேர்வில் வென்றதும் கணினி கற்க வேண்டும் என்றார் கார்த்தியாயினி அம்மா. கேரளக் கல்வி அமைச்சர் மடிக்கணினி கொண்டுவந்து கொடுத்தார். அதில் தன் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தார். அந்தப் பலனுக்கு அறுவடைக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பலனைச் சொல்வதில் கென்யாவின் பிரிசில்லா சிட்டியேனி இன்னும் வெளிப்படையானவர். பல பத்தாண்டுகள் பிரசவம் பார்த்த மருத்துவச்சி; தொண்ணூறை ஒட்டிய வயதில் கிராமத்து ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தார். வகுப்புத் தோழர்களில் சிலர் அவர் கையில் பிறந்தவர்கள். பைபிளைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதுவரை பிறர் வாசித்துக் காட்டிய வேதம் அது. 2022 நவம்பரில், 99 வயதில் இறந்தபோது, சக மாணவர்களோடு ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.