முதல் பனி விழும் ஆறு

தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு பட்டுச் சுருள் இருக்கிறது. உயரம் 25.9 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று அதிகம். நீளம் 376.5 சென்டிமீட்டர். வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் விரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பதினோரு எழுத்துகள். ஆற்றுவழியில் முதல் பனி என்ற தலைப்பையும், வரைந்தவன் ஓவியக்கூடத்து மாணவன் ஜாவ் கான் என்பதையும் அவை சொல்கின்றன. பத்தாம் நூற்றாண்டு, தெற்குத் தாங் அரசு.

இதன் அச்சுப்படியை முதலில் பார்த்தபோது காற்றில் சாயும் நாணலும் இலையுதிர்ந்த மரங்களும்தான் கண்ணில் பட்டன. பனி தூரிகையால் தீட்டப்பட்டதல்ல. வெள்ளை வண்ணத்தைத் தெறிக்கவிட்டிருக்கிறான். பொடிப்பொடியான புள்ளிகள். கழுதைமேல் ஒடுங்கி உட்கார்ந்து போகும் பயணிமேலும் விழுகின்றன, வலையோடு நிற்பவர்கள்மேலும் விழுகின்றன. ஆனால் பயணி இந்தக் குளிரைக் கடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். மீனவர்களுக்கு இந்தக் குளிரில்தான் பிழைப்பு.

சீன ஓவியத்தில் மீனவன் பெரும்பாலும் தனியாள். பதவியைத் துறந்து, தூண்டிலோடு படகில் அமர்ந்திருக்கும் ஞானி. பதினான்காம் நூற்றாண்டின் வூ ஜென் அப்படிப்பட்டவர்களை மனம் ஒன்றி வரைந்தார். எனக்கு அவரையும் பிடிக்கும். ஆனால் ஜாவ் கானின் ஆட்கள் எதையும் துறக்கவில்லை. துறக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? கழிகளில் கட்டிய வலையை நீரில் இறக்கித் தூக்குகிறார்கள். கொச்சிக் கரையில் சீன வலை பார்த்தவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும். ஒருவர் இழுத்தால் வராது. அவர்கள் சேர்ந்திருப்பது கொண்டாட்டத்துக்காக அல்ல, வலையின் கனத்துக்காக. இருந்தும் அந்தக் கனம்தான் அவர்களை ஒருவருக்கொருவர் உரியவர்களாக ஆக்கியிருக்கிறது. உறவு என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் இப்படி ஏதோ ஒரு பாரத்தின் இருமுனையில்தான் தொடங்கியிருக்கும் என்று இந்தச் சுருள் என்னை நம்ப வைக்கிறது.

அந்தப் பதினோரு எழுத்துகளை எழுதியது தெற்குத் தாங் மன்னர் லீ யூ என்று மரபாகச் சொல்வார்கள். 975இல் அவருடைய நாடு வீழ்ந்தது, அவர் சிறைபிடிக்கப்பட்டார். அந்த அரசவை வேண்டியதையெல்லாம் வரையச் சொல்லியிருக்கலாம். ஒரு மாணவன் குளிரில் நடுங்குகிறவர்களிடம் போய் நின்றிருக்கிறான்.

சுருளின் கடைசிவரை நான் போவது அரிது. பாய்க் கூரையின் கீழ் முடங்கிக் கிடப்பவர்களிடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. வெளியே பனி விழுகிறது. வலை நீருக்குள் இருக்கிறது. யாராவது ஒருவர் முதலில் எழுந்திருக்க வேண்டும்.