பிறகு பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள்

தீவகத்துப் பிள்ளைகளே, பெற்றோரே! ஊர்காவற்றுறையிலும் கரம்பனிலும் அல்லைப்பிட்டியிலும் மெலிஞ்சிமுனையிலும் நெடுந்தீவிலும் வாழும் என் சனங்களே! காலம் குறுகிவிட்டது. மனம் பதறித்தான் எழுதுகிறேன்.

உறுதிபூசுதல் பெற்ற பிள்ளை சில ஞாயிறுகளிலேயே பூசைக்கு வராமல் நின்றுவிடுகிறது. கேட்டால், ஓ.எல். முடியட்டும் என்கிறீர்கள். ஓ.எல். முடிந்தால் ஏ.எல். இருக்கிறது. ஏ.எல். முடிந்தால் வெளிநாட்டு அலுவல். வெளிநாடு போனால் விசா. விசா கிடைத்தால் வேலை. வேலை கிடைத்தால் வீடு. ஆண்டவருக்கு மட்டும் ஒருநாளும் முறை வருவதில்லை. இதைப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பெற்றவர்களும், ஞானப்பெற்றோரும், மறைக்கல்வி ஆசிரியரும், கோயில் மூப்பரும், எழுதுகிற நானும் சேர்ந்தே கணக்குக் கொடுக்க வேண்டும்.

நம் முன்னோருக்கு இப்படித் தவணை கேட்க இடமிருக்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். கோயில்கள் பறிபோயின. குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் ஏழைக் கோலத்தில் இலங்கைக்கு வந்ததோ 1687இல். எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தர் வந்த ஆண்டில் பிறந்த குழந்தை, அடிகள் வரும்போது தானே பிள்ளை பெற்று வளர்க்கும் வயதுக்கு வந்துவிட்டது. அந்தத் தலைமுறைக்குப் பூசை வைக்க ஆளில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆளில்லை.

எல்லோரும் நிலைத்து நின்றார்கள் என்று சொல்லமாட்டேன். முதுசமும் உத்தியோகமும் போய்விடும் என்று அஞ்சி ஒல்லாந்தர் கோயிலில் பெயர் பதிந்தவர்கள் பலர். ஆனாலும் கழுத்தில் செபமாலையோடு அடிகள் வீடு வீடாக இரந்து போனபோது, அது இன்னதென்று அறிந்துகொண்ட கண்கள் இங்கே இருந்தன. சில்லாலையில் அவருக்கு ஒளிந்திருக்க இடம் கொடுத்தார்கள். இரவில் கூடிப் பூசை கண்டார்கள். 

அந்தக் கண்களைப் பழக்கியது யார்? தாய் பழக்கினாள். ஆச்சி பழக்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பேசத் தொடங்கிய குழந்தைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு விவரம் தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் அடிகளை அடையாளம் காண ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். இன்று நம் கதவைத் தட்டி யாரும் செபமாலை தேடுவதில்லை. எந்தச் சட்டமும் தடுக்காத வீடுகளில் மாலைச் செபம் நின்றுபோயிருக்கிறதே, இதற்கு யாரைக் குற்றம் சொல்லப்போகிறோம்?

இறைவனைத் தேடினால் படிப்புக் கெடும் என்று பயப்படுகிறீர்களா? 1913இல் பிறந்த கரம்பன் பிள்ளையைப் பாருங்கள். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். இளவயதிலேயே கொழும்பில் குருமடம் புகுந்தார். உரோமையில் படித்து 1938இல் குருவானார். தமிழை ஆழமாகக் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான், வடக்கன்குளத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற தனிநாயகம் அடிகள் அவர்தான். முதலில் தன்னை ஆண்டவருக்குக் கொடுத்தார். கல்வியும் புகழும் பின்னால் வந்தன. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள் பெற்றோரே, பிள்ளைகளுக்கு இதை மாற்றிச் சொல்லாதீர்கள்.

அல்லைப்பிட்டியை மறந்துவிட்டோமா? 2006 ஓகஸ்ட் 13 அன்று புனித பிலிப்பு நேரியார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் ஷெல் விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகள் அந்தப் பங்குக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை; முப்பதுகளில் இருந்த இளைஞர். காயப்பட்டவர்களுக்காக ஓடினார். எஞ்சிய சனத்தை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுசேர்த்தார். ஒரு வாரத்தில், ஓகஸ்ட் 20 அன்று, அவரும் உடன்சென்ற ஒருவரும் காணாமற்போனார்கள். இன்றுவரை திரும்பவில்லை. அந்த நேரத்தில் நின்று யோசிக்க அவருக்கு அவகாசம் இருந்ததா? சிறுவயதிலிருந்து பழகிய கீழ்ப்படிவுதான் அவரைச் சனத்தோடு நிறுத்தியது என்று நான் நம்புகிறேன்.

சோளகம் தூக்கி அடிக்கும்போதா வள்ளத்தின் ஓட்டையை அடைப்பார்கள்? பிள்ளைகளே, உங்களுக்கும் சோதனை வரும். கடல்வழியாகக் கஞ்சாப் பொதி கரையேறுவது உங்களுக்கே தெரியும். ஒரு இரவு கைகொடு, காசு தருகிறேன் என்று ஒருவன் கேட்கும் நாளில், வேண்டாம் என்று சொல்லும் பலத்தை அன்றைக்குத் தேடினால் கிடைக்காது. இன்று தேடுங்கள். அந்நிய நாட்டில் தனி அறையில், பார்க்க யாருமில்லாத இரவில், உங்களைத் தடுக்க அம்மா அங்கே இருக்கமாட்டா. இன்று பழகுங்கள். செய்த பிழை நெஞ்சில் உறுத்தும்போதே பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். உறுத்தல் நின்றபிறகு போக மனம் வராது. இன்றே போங்கள்.

பெற்றோரே, ஞாயிறு காலையில் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பாதீர்கள். கோயில் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். உள்ளே வந்து பக்கத்தில் முழந்தாளிடுங்கள். இன்று மாலை தொலைபேசிகளை ஒருபக்கம் வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். நின்றுபோன வீடுகள் இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். வரும் ஞாயிறு பூசைக்கு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, எல்லோரும் வாருங்கள்.